கழுவாத பக்கெட்

கடையோ ஆபீஸோ ஆஸ்பத்திரியோ, எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்க்கிற ஆள் அவன். ஃபால்ஸ் சீலிங் போடுவது தொழில். தான் போட்ட கூரையாக இருந்தால் கூட வந்தவர்களையும் அண்ணாந்து பார்க்க வைத்துவிடுவான். வேறொருவன் போட்டதாக இருந்தால் உச்சுக்கொட்டுவான். நாளாவட்டத்தில் அவன் சொந்தப் பெயர் எல்லாருக்கும் மறந்துபோய் சீலிங்காரன் என்பதே நிலைத்துவிட்டது. பெற்ற அம்மாவே, "சீலிங்காரன் சாப்பிட்டானா?" என்றுதான் கேட்பாள்.

போடுவது தொழிலில் பாதி, பிரிப்பது மீதி. ஒரு கடை கைமாறினால் போதும், புது முதலாளிக்குப் பழைய கூரையைக் கண்டாலே ஆகாது. பிரித்துத் தள்ளிய ஜிப்சம் போர்டை, அதாவது இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டின வெள்ளை மாவுப் பலகையை, லாரியில் அள்ளிப்போட்டு, ஊர்க்கோடித் தெருவுக்குப் பின்னால் இருந்த கல்குவாரிப் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டு வருவான். அவன் மட்டுமில்லை, அந்தத் தொழிலில் இருந்த அத்தனை பேரும் அதைத்தான் செய்தார்கள். "கல்லுத் தோண்டின இடத்துல கல்லுமாவைத்தானே போடறோம், அதுக்கென்ன வயித்தையா வலிக்கப்போகுது?" என்பது சீலிங்காரனின் கட்சி.

வயிற்றை வலிக்கத்தான் செய்தது. மழை பெய்து பள்ளத்தில் தண்ணீர் தேங்கியதும் அழுகின முட்டை நாற்றம் கிளம்பி, தெரு முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அந்தத் தெருவில் தையல் கடை வைத்திருந்த அம்மா வீட்டில், அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்த வெள்ளிக் கிண்ணம்கூடக் கன்னங்கரேலென்று கறுத்துவிட்டது. தையல்காரம்மா அந்தக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டினார்.

சீலிங்காரன் இந்தக் கதையைச் சாப்பாட்டு மேஜையில் சிரித்துச் சிரித்துச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், அவன் அண்ணியைத் தவிர. அண்ணி அப்போது ஒரு ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் சும்மா விடுகிற ஜாதி இல்லை. மறுநாளே அவன் லாரியிலிருந்து உடைந்த போர்டுத் துண்டு ஒன்றை எடுத்துவந்து, ஊறுகாய் ஜாடியில் போட்டு, பள்ளத்துத் தண்ணீரையே ஊற்றி மூடி, ஜன்னலோரம் வைத்துவிட்டாள். பக்கத்திலேயே இன்னொரு ஜாடி. அதில் காகிதத்தை உரித்துவிட்டு வெறும் மாவும் அதே தண்ணீரும். சில வாரம் கழித்து முதல் ஜாடியைத் திறந்தபோது வீட்டில் இருந்தவர்கள் செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்கள். இரண்டாவது ஜாடியை அண்ணி நிதானமாக மோந்து பார்த்தாள். ஒன்றுமே இல்லை.

"காகிதமும் மாவும் ஒண்ணா ஊறினாத்தான் நாறுது தம்பி," என்றாள், தெருவில் நின்றிருந்த கொழுந்தனைப் பார்த்து. "பிரிச்சுட்டா ரெண்டும் நல்ல சரக்கு. இனிமே உங்க குப்பையை எனக்குக் கொடுங்க."

"குப்பையை வெச்சுப் பொழைக்கப்போறீங்களா அண்ணி?"

"அதையே தலைக்கு மேல மாட்டி நீங்க பொழைக்கலையா?"

சீலிங்காரன் செருப்பைத் தேடிக்கொண்டு உள்ளே போனான்.

அந்தப் பேச்சோடு முடிந்துவிடும் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அவளோ ரொட்டிக் கடை வேலையை விட்டுவிட்டு, புருஷனையும் இழுத்துக்கொண்டு, பூட்டிக் கிடந்த ஒரு மரக்கிடங்கை வாடகைக்குப் பிடித்துப் பட்டறை போட்டுவிட்டாள். அண்ணன் சாது. அண்ணி சொன்னால் கிணற்றில்கூட இறங்குவான், ஆழம் எவ்வளவு என்று மட்டும் ஒரு தடவை கேட்டுவிட்டு.

அந்தப் பட்டறையைப் பார்க்கவேண்டும்! வாசலில் வந்து இறங்குகிற போர்டை அண்ணி முதலில் தட்டிப் பார்ப்பாள். சத்தத்திலேயே அது ஜிப்சமா, கல்நார் கலந்த சிமென்ட் ஷீட்டா என்று தெரிந்துவிடும். கொஞ்சம் சந்தேகமாக இருந்தாலும் தனியே ஒதுக்கித் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவாள். அதை அரைத்துத் தொலைத்தால் என்ன தூசி கிளம்புமோ, யார் நுரையீரலில் போய் உட்காருமோ! அடுத்து ஆணியும் திருகும். குனிந்து பொறுக்குவது பாதி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் பிடித்து இழுப்பது பாதி. பிறகு இரண்டு இரும்பு உருளைக்கு நடுவே விட்டால் மாவு நொறுங்கி உதிரும், காகிதம் கிழியாமல் தோலாகப் பிரிந்து வரும். சல்லடையில் காகிதம் மேலே நிற்கும், மாவு கீழே இறங்கும். காகிதம் அட்டைப்பெட்டி செய்கிறவர்களுக்குப் போயிற்று. மாவு இருக்கிறதே, அதுதான் அண்ணியின் உயிர்.

மாவு இரண்டு வகை. அரைத்துச் சலித்தது அப்படியே வயலுக்குப் போகும். உப்புப் பூத்துக் கெட்டிதட்டிக் கிடக்கிற மண்ணை அது உதிர்த்துக் கொடுக்கும். இன்னொன்று, இரும்பு டிரம்மில் போட்டு வறுத்த மாவு. "இந்தப் பொடிக்குள்ள தண்ணி ஒளிஞ்சிருக்கு தம்பி. வறுத்தா வெளியே ஓடிடும். அப்புறம் எங்கே தண்ணியைக் கண்டாலும் பாய்ஞ்சு குடிச்சுட்டு மறுபடியும் கல்லாயிடும். சேத்துல போட்டுப் பாருங்க, சேத்தையே இழுத்துப் பிடிச்சு நிறுத்திடும்," என்று அவள் சொன்னபோது சீலிங்காரன் நம்பவில்லை. பிறகு ஒரு நாள் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று பார்த்தான். உலர்ந்த மாவு, ஒரு சொட்டு ஈரமில்லை, அது பால் பொங்குகிற மாதிரி தளதளவென்று கொதித்தது. கொதிப்பு அடங்குகிற அந்த நிமிஷம் அண்ணி கையைத் தூக்கினாள், அண்ணன் டிரம்மைக் கவிழ்த்தான். கொஞ்சம் முந்தினால் வேகாது, பிந்தினால் செத்த மாவாகிவிடும், அப்புறம் எவ்வளவு தண்ணீர் காட்டினாலும் இறுகாது. ரொட்டி அடுப்போடு அத்தனை வருஷம் மல்லுக்கட்டிய கண்ணுக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. சீலிங்காரன் அன்றைக்கு வெளியே வந்து அண்ணனிடம், "உனக்கு வாய்ச்சது அண்ணி இல்லடா, ஒரு ஃபேக்டரி," என்றான். அதற்குப் பிறகு பள்ளத்துப் பக்கம் அவன் லாரி திரும்பவில்லை. மற்ற சீலிங்காரர்களையும் கையைப் பிடித்து இழுத்துவந்து பட்டறையில் விட்டான்.

ஆனால் தெரு நம்பவில்லை. பள்ளத்தில் பழைய போர்டு இன்னும் கிடந்ததால் மழைக்கு மழை நாற்றமும் வந்தது. பார்த்தால், தெருவுக்குப் பக்கத்திலேயே போர்டை மலையாகக் குவித்து அரைக்கிற பட்டறை. வேறென்ன தோன்றும்? தையல்காரம்மா தெருவைத் திரட்டிக்கொண்டு கொடிபிடித்தார். நகராட்சிக்கு மனு போயிற்று.

விசாரிக்க வந்த இன்ஜினியரம்மா நியாயமான மனுஷி. பட்டறையைச் சுற்றிப் பார்த்தார், இரண்டு ஜாடிக் கதையையும் கேட்டார். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா தெருவே எதிர்க்கிறப்போ வெறும் வாய்ப்பேச்சை வெச்சு நான் அனுமதியைப் புதுப்பிக்க முடியாது," என்றார். பிறகு வெளியே கைகாட்டினார். மெயின் ரோட்டிலிருந்து அந்தத் தெருவுக்குப் போகிற சந்து. ஒரு மழை பெய்தால் களிமண் சேறு. நகராட்சி கொட்டிய ஜல்லியை எல்லாம் விழுங்கி ஏப்பம் விட்ட சந்து அது. தண்ணீர் லாரி முனையிலேயே நின்றுவிடும். தெரு ஜனம் குடத்தோடு சேற்றில் நடக்கும். "இதைக் கெட்டிப்படுத்திக் காட்டுங்க. நிறைஞ்ச தண்ணி லாரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் புதையாமப் போகணும். போச்சுன்னா தெருவும் கேக்கும், நானும் கேப்பேன். போகலைன்னா பட்டறையை மூடவேண்டியதுதான்."

"வெள்ளிக்கிழமை லாரியை அனுப்புங்க," என்றாள் அண்ணி. சீலிங்காரன் விரல்விட்டு நாளை எண்ணினான்.

வியாழக்கிழமை காலையில் அண்ணியின் கடைவாய்ப் பல் வேலையைக் காட்டிவிட்டது. கன்னம் பந்தாக வீங்கி, வலி தாங்காமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். அண்ணன் அவளை ஆட்டோவில் ஏற்றிப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனான். சந்து வேலை முழுக்க சீலிங்காரன் தலையில் விழுந்தது. ஓரத்தில் வடிகால் வெட்டியாயிற்று, உழுவதற்கு டில்லரும் ரோலரும் வந்தாயிற்று. மூட்டையை ஏற்றிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டியதுதான் பாக்கி. பட்டறையில் இரண்டு அடுக்கு மூட்டைகள் நின்றன. எதை எடுப்பது என்று போன் போட்டான்.

மறுமுனையில் அண்ணி பல்லைப் பிடுங்கிவிட்டு வாய் நிறையப் பஞ்சோடு உட்கார்ந்திருந்தாள். "பச்... பச்சை மூட்டையைத் தொடாதீங்க தம்பி. மத்ததைக் கொண்டுபோங்க," என்பதுதான் அவளால் சொல்ல முடிந்தது.

சீலிங்காரன் பார்த்தான். ஓர் அடுக்கு வெள்ளை மூட்டை. இன்னோர் அடுக்கு பச்சை நிற மூட்டை. சந்தேகத்துக்கு இடமே இல்லை. பச்சையைத் தொடாமல் வெள்ளை மூட்டைகளை ஏற்றினான். சந்து நெடுகக் கொட்டிப் பரப்பினான், டில்லரை விட்டுச் சேற்றோடு புரட்டினான், ரோலரை உருட்டினான். சாயங்காலம் பார்த்தபோது வெள்ளையும் பழுப்புமாகச் சமதளமாகக் கிடந்தது. காலைக்குள் கல்லாகிவிடும் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் சந்துக்கு வந்தார்கள். அண்ணி தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். கல்லும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சந்து முழுக்கக் கொழகொழவென்று வெள்ளைச் சேறு. அண்ணி ஓர் அடி வைத்தாள், கணுக்கால் வரை உள்ளே போயிற்று.

அண்ணி காலை உருவிக்கொண்டு, காலி மூட்டை ஒன்றை உதறிக் கொஞ்சம் பொடியை உள்ளங்கையில் கொட்டினாள். பாட்டிலிலிருந்து தண்ணீர் விட்டுக் குழைத்தாள். கொஞ்ச நேரம் மூடிவைத்திருந்துவிட்டு, அதை அப்படியே கொழுந்தன் கையில் அப்பினாள்.

"சுடுதா?"

"இல்ல அண்ணி. ஜில்லுனு இருக்கு."

"வெந்த பொடின்னா இந்நேரம் சுடணும். இது பச்சை."

"என்ன அண்ணி, இது வெள்ளை. பச்சையைத்தான் நான் தொடவே இல்லையே. அப்படியே பட்டறையில இருக்கு, வேணும்னா வந்து பாருங்க!"

அண்ணி அவனையே பார்த்தாள். அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"டேய், வேக வைக்காத அரிசிக்கு என்னடா பேரு?"

"பச்சரிசி."

"அது பச்சை நிறமாடா இருக்கு?"

அப்போதுதான் சீலிங்காரனுக்கு உறைத்தது. பட்டறையில் பச்சை என்றால் வறுக்காத பொடி. அவன் தொழிலில் பச்சை என்றால் பச்சைதான். பாத்ரூமுக்கு மாட்டுகிற, ஈரம் தாங்குகிற போர்டின் முகம் பச்சை நிறமாக இருக்கும், அதற்குப் பெயரே பச்சை போர்டு. இருபது வருஷமாக அந்தச் சொல்லுக்கு அவனுக்கு வேறு அர்த்தம் கிடையாது. போதாக்குறைக்கு, சாக்குக் கடைக்காரர் இந்தத் தடவை பச்சைச் சாக்கு மட்டும் கொடுக்க, அண்ணன் வெந்த பொடியை அதில் கட்டித் தொலைத்திருந்தான். ஆக, தொடாதே என்று அண்ணி சொன்னதை எல்லாம் கொண்டுவந்து சந்தில் கொட்டிவிட்டு, கொட்டவேண்டியதை எல்லாம் பட்டறையில் பத்திரமாக வைத்திருந்தான்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு தடவை கூரை இடிந்து தலையில் விழுந்தபோதுகூட அவன் இப்படிக் கலங்கினதில்லை. "கொன்னுட்டேனே அண்ணி. உங்க பட்டறையை நானே கொன்னுட்டேனே."

வேறு யாராவது இருந்தால் அந்த இடத்திலேயே அவனைப் பிய்த்துப் போட்டிருப்பார்கள். அண்ணி சந்தின் இரு கோடியையும் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள். லாரி வருவது சாயங்காலம். "வெந்தது பட்டறையிலதானே இருக்கு? ஓடுங்க, ஏத்திட்டு வாங்க," என்றாள். ஒரு திட்டு இல்லை, ஒரு முறைப்பு இல்லை. அதுதான் அவனை இன்னும் வதைத்தது. நாலு வார்த்தை ஏசியிருந்தாலாவது தேவலை.

பச்சை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்புகிற வழியில், ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் அப்பியிருந்த பொடி உலர்ந்து உதிர்வதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குத் திடீரென்று முதுகு நிமிர்ந்தது. சந்து முனையில் லாரியைப் போட்டுவிட்டு ஓடினான்.

"அண்ணி, ஒரே அடியா கொட்டிடாதீங்க! கழுவாத பக்கெட்!"

"என்ன?"

"சீலிங்குல பூசுற பி.ஓ.பி. மாவு, உங்க வெந்த பொடி மாதிரிதான், அதைக் கலக்கிற பக்கெட் அண்ணி! முந்தின கலவை கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கிற பக்கெட்டுல புதுசு கலக்கினா, கரண்டியை எடுக்கிறதுக்குள்ள கல்லாயிடும். அதுக்குத்தான் நாங்க ஒவ்வொரு தடவையும் சுரண்டிச் சுரண்டிக் கழுவுறது. இறுகின பி.ஓ.பி.யும் உங்க பச்சைப் பொடியும் ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப இந்தச் சந்து முழுக்க ஒரு கழுவாத பக்கெட்! வெந்ததை நீளமாக் கொட்டிட்டு டில்லரைத் தேடினோம்னா, புரட்டுறதுக்குள்ள கட்டிகட்டியாப் பிடிச்சு நாசமாயிடும்."

அண்ணியின் வீங்கின முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு பாத்திரத்தில் வெள்ளைச் சேற்றை அள்ளினாள், வெந்த பொடி ஒரு பிடி போட்டுக் குச்சியால் கிண்டினாள். கொஞ்ச நேரத்திலேயே குச்சி நட்டுவைத்தது போல நின்றுவிட்டது.

"தம்பி! ராத்திரி முழுக்க இறுகவேண்டியது மத்தியானத்துக்குள்ள இறுகிடும். எனக்கு இல்லாத நேரத்தை நீங்க சம்பாதிச்சுக் கொடுத்திருக்கீங்க," என்றாள். தாடை வலியில் சிரிப்புப் பாதியில் நின்றது. "ரெண்டு மூட்டை கொட்டணும், உடனே புரட்டணும், உடனே உருட்டணும். அப்புறம்தான் அடுத்த ரெண்டு மூட்டை. நடுவுல மூச்சு விடக்கூடாது."

அப்படியே நடந்தது. அண்ணன் மூட்டையைப் பிரித்துக் கொட்டிப் பரப்பினான். சீலிங்காரன் டில்லரோடு பின்னாலேயே பாய்ந்தான். ரோலர் அண்ணியின் கையில். பல் பிடுங்கி ஒரு நாள்தான் ஆன மனுஷி, தாடைத் துணி நனைய நனைய அந்த ரோலரைக் கட்டி இழுத்தாள். பார்க்கப் பார்க்க சீலிங்காரனுக்குப் புல்லரித்தது. கூரைக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தே பழகியவன், தரையில் நிற்கிற ஒருத்தியை அப்படி அண்ணாந்து பார்த்தது அன்றைக்குத்தான். அவள் உருட்டிக்கொண்டு போன இடமெல்லாம் சேறு தன் சேட்டையை விட்டது. கால் வைத்தால் செருப்பு வழியாகச் சூடு ஏறியது. சந்துக்குள்ளிருந்து லேசாக ஆவி கிளம்பியது. ஜன்னல்களில் ஒவ்வொரு தலையாக முளைத்தது. தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

அவர் வாசலுக்கு நேரே வந்தபோதுதான் டில்லர் இருமி நின்றது. டீசல் தீர்ந்துவிட்டது. கேனைத் தேடி, ஊற்றி, கயிற்றை இழுத்து உயிர் கொடுப்பதற்குள் கொட்டின பொடி மேலாக ஏடு கட்டிவிட்டது. சந்தின் நடுவில் ஒரு முறம் அகலத்துக்கு, அடியில் சேறு சேறாகவே இருக்க, மேலே மட்டும் ஓடு. சீலிங்காரன் அண்ணியைப் பார்த்தான். அவள் குனிந்து ரோலரோடு போராடிக்கொண்டிருந்தாள். பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. மண்வெட்டியால் அதை அமுக்கித் தட்டிச் சமப்படுத்தினான். லாரிச் சக்கரம் இரண்டு ஓரத்திலும்தான் போகும், நடுவில் எது போகப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அண்ணியிடம் சொல்லவில்லை. ரோலர் அதன்மேல் ஏறிப்போனபோது கண்ணை மூடிக்கொண்டான். ஓடு தாங்கியது.

சாயங்காலம் இன்ஜினியரம்மா வந்தார். பின்னாலேயே தளும்பத் தளும்ப நிறைந்த தண்ணீர் லாரி. டிரைவர் சந்து முனையிலேயே பிரேக் போட்டுவிட்டார். "போன மாசம் இதே இடத்துல என் வண்டியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுது. நான் வரமாட்டேன்மா, இறங்கி வேணும்னா தள்ளிட்டுப் போங்க," என்றார்.

அண்ணி லாரிக்கு முன்னால் போய் நின்றாள். டிரைவரைப் பார்த்து இரண்டு கையாலும் வா வா என்று சைகை காட்டிக்கொண்டே பின்னோக்கி நடந்தாள். புதைந்தால் முதலில் அவள் மேல்தான் சரியும். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே கியரைப் போட்டார். லாரி உறுமியது, முன்சக்கரம் ஏறியது, பின்சக்கரம் ஏறியது. அண்ணி பின்னோக்கி நடக்க நடக்க லாரி அவளைத் தொடர்ந்து வந்தது. எங்கேயும் இறங்கவில்லை, எங்கேயும் திணறவில்லை. தையல்காரம்மா வாசலைத் தாண்டும்போது இரண்டு ஓரச் சக்கரங்களும் அந்த நடு இடத்தைத் தொடாமல் போயின. கோடி வரைக்கும் போய் டிரைவர் ஹாரன் அடித்தார். தெருப் பிள்ளைகள் கத்தினார்கள்.

இன்ஜினியரம்மா சக்கரத் தடத்தைக் குனிந்து தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது. "இதுவும் பின்னாடி நாறாதே?" என்று கேட்டார்.

"காகிதத்தைச் சலிச்சு எடுத்தாச்சு. ஓரத்துல வடிகால் இருக்கு, தண்ணி தேங்காது. நாறினா என்னைக் கூப்பிடுங்க," என்றாள் அண்ணி.

இன்ஜினியரம்மா திரும்பினார். "மனு உங்களோடது," என்றார் தையல்காரம்மாவிடம். "லாரி போயிடுச்சு. நீங்க என்ன சொல்றீங்க? நீங்களே நடந்து பாருங்க."

தையல்காரம்மா வாசலை விட்டு இறங்கினார். சந்து முனைக்குப் போய், அங்கிருந்து நடுவாகவே நடக்க ஆரம்பித்தார். சும்மா நடை இல்லை. துணி தைக்கிறவர் தையலை இழுத்துப் பார்ப்பது போல, ஒவ்வோர் அடிக்கும் குதிகாலை ஊன்றி ஓங்கி மிதித்து நடந்தார். இப்படிக்கூட விலகி நடக்கலாமே, அப்படிக்கூட விலகி நடக்கலாமே என்று சீலிங்காரன் மனசுக்குள் கெஞ்சினான். அவர் விலகவில்லை. சரியாகத் தன் வாசலுக்கு எதிரே, ஓங்கி ஒரு மிதி. ஓடு உடைந்தது. கால் பொதக்கென்று உள்ளே போயிற்று.

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் உருட்டிய இடம், அவள் கண்ணால் பார்த்த இடம். முகம் வெளிறிப்போய் அந்தக் குழியையே பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் சீலிங்காரனால் தாங்க முடியவில்லை. நடுவில் வந்து நின்றுவிட்டான்.

"அது அண்ணி செஞ்சதில்லை, நான் செஞ்சது. டில்லர் நின்னுபோச்சு. பொடி இறுகிடுச்சு. மேலோட்டமாத் தட்டி மூடிட்டேன். எங்க அண்ணிகிட்டகூடச் சொல்லல. நேத்து தப்பு மூட்டையைக் கொட்டினதும் நான்தான். இவங்க பொடியில ஒரு குறையும் இல்ல. குறையெல்லாம் என் கையில. என்னை என்ன வேணா சொல்லுங்க, பட்டறையை மூடிடாதீங்க."

இன்ஜினியரம்மா தையல்காரம்மாவைப் பார்த்தார். அண்ணி மெல்ல வந்து கொழுந்தனின் பக்கத்தில் நின்றாள். "அவர் கை என் பட்டறைக் கைதான். குறை என்னோடதுதான்," என்றாள்.

தையல்காரம்மா காலை உருவினார். சேற்றைப் பக்கத்தில் இருந்த கெட்டித் தரையில் தேய்த்துத் துடைத்தார். தேய்த்த இடத்தையும் ஒரு தடவை மிதித்துப் பார்த்துக்கொண்டார். தெரு முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பட்டறையை மூடிட்டா," என்றார் இன்ஜினியரம்மாவிடம், எரிச்சலாக, "என் வாசல்ல இருக்கிற இந்தக் குழியை நாளைக்கு யாரு வந்து சரிபண்ணுவா? நீங்களா?"

இன்ஜினியரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ பட்டறை இருக்கட்டும்ங்கிறீங்க."

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? குழி சரியாகணும்னு சொல்றேன். காலையில சீக்கிரம் வரச் சொல்லுங்க. எனக்குக் கடை திறக்கணும்."

அண்ணி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "விடிஞ்சதும் வந்துடறோம்மா," என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்து அழுதுவிட்டாள்.